அன்பில்லாமல் செய்கிற பணிவிடை வீணா?

கேள்வி:

அக்கா, நான் துணுக்காய்ப் பக்கம் இருக்கிறேன். வயது 41. என்ர மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காது. கழுவுறது, துடைக்கிறது, தீத்துறது எல்லாம் நான்தான். இவர் வயல் வேலையும் சபைக் கட்டட வேலையும் என்று ஓடித் திரிவார். மச்சாள் கனடாவில். ஞாயிறு தோறும் வீடியோவில் வருவா. மாமி அவவோடு அழுதழுது கதைத்து, "எனக்கு நேரத்துக்குச் சோறு தாறாள் இல்லை" என்பா. நான் பக்கத்தில் நிற்பேன். 2009இல் செத்துப்போன கடைசி மகனின் படத்தைப் பார்த்து, "என்ர பெடியன் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கெதி வந்திராது" என்பா. ஒருநாள் கோபத்தில் சாப்பாட்டுக் கோப்பையை அடித்து வைத்தேன். மாமிக்கு யப்பான் மீன் விருப்பம், முள்ளுக் கூட என்றபடியால் இருந்து முள்ளெடுத்துத்தான் குடுப்பேன், அதுவும் அன்றைக்குச் சிந்திப் போச்சு.

போன மாதம் பெண்கள் ஐக்கியத்தில் 1 கொரிந்தியர் 13 வாசித்தார்கள். "எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும்... அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை." எனக்கு மாமியில் அன்பில்லை அக்கா. கடமைக்குச் செய்கிறேன். இவ போய்ச் சேர்ந்தால் நிம்மதி என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டேன். பயத்தில் திருவிருந்து எடுப்பதையும் விட்டுவிட்டேன். நான் செய்ததெல்லாம் வீணா? அன்பு என்று வேதம் எதைத்தான் சொல்கிறது?

பதில்:

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வீண் இல்லை. ஒரு நாளும் வீணாகப் போகவில்லை. நான் போதகர் இல்லை, உளவளத்துணையாளர். ஆனால் நம்முடைய பக்கத்தில் என்னிடம் வருகிற பெண்கள் பலர் மனதில் ஒரு வசனத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அந்த வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு மனதைப் பற்றி மட்டும் கதைத்தால் அவர்களுக்கு ஆறுதல் கிடைக்காது. அதனால் வேதத்தை வைத்தே சொல்கிறேன்.

1 கொரிந்தியர் 13ஐக் கலியாணங்களில் கேட்டுக் கேட்டு, அது மாப்பிள்ளை பொம்பிளைக்கு எழுதிய வாழ்த்து போல நமக்குள் பதிந்துவிட்டது. பவுல் அதை எழுதியது சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. கொரிந்து இரண்டு துறைமுகங்களை வைத்துப் பிழைத்த வியாபாரப் பட்டணம். காசுக்காரரும் அடிமைகளும் ஒரே சபையில் இருந்தார்கள். நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று கட்சி பிரிந்திருந்தார்கள். சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போட்டான். யாருக்கு என்ன வரம், யாருடைய வரம் பெரிது என்று போட்டி நடந்தது. 12ஆம் அதிகாரமும் 14ஆம் அதிகாரமும் அந்த வரங்களைப் பற்றியவை. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் பவுல் சொல்கிறார்: நீ எவ்வளவு பெரிய காரியம் செய்தாலும், உன் பெயருக்காகச் செய்தால் அதில் ஒன்றுமில்லை.

இது தன் கொடையைத் தானே தூக்கிக் காட்டுகிறவர்களுக்குச் சொன்ன வார்த்தை. நடுச்சாமத்தில் எழும்பி மாமியைப் புரட்டிப் படுக்கவைக்கிறதை உங்கள் வீட்டிலேயே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மகளிடம் மாமி குறை சொல்லும்போது பக்கத்தில் நின்றும் வாய் திறக்காமல் இருந்த உங்களுக்கு எந்தப் பெயர் கிடைத்தது? இன்னொருவரைக் கண்டித்து எழுதிய கடிதத்தைப் பிரித்து, அதற்குள் உங்கள் பெயரை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மீனில் முள்ளெடுத்த விஷயம். கடமைக்கு மட்டும் செய்கிற ஒருத்தி அந்த இடத்தில் ஒரு பருப்புக் கறியோடு வேலையை முடித்திருப்பாள். மாமிக்கு எது விருப்பம் என்று உங்களுக்குத் தெரிகிறது. வவுனிக்குளத்து மீன் வந்தால் வாங்குகிறீர்கள், குந்தியிருந்து விரலால் சதையைத் தடவித் தடவி முள்ளைப் பொறுக்குகிறீர்கள். பாரிசவாதக்காரருக்கு விழுங்குவதே கஷ்டம், ஒரு முள் தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பவுல் அன்பைப் பற்றிச் சொல்கிற இடத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நீடிய சாந்தம், தயவு, தன்னைப் புகழாது, தற்பொழிவை நாடாது. மற்றவனோடு எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் அடுக்கிக்கொண்டு போகிறார். நெஞ்சு உருகவேண்டும், பார்த்தவுடன் பாசம் பொங்கவேண்டும் என்று அங்கே எதுவும் இல்லை.

யாத்திராகமம் 23இல் ஒரு சட்டம் உண்டு. உன் பகைவனுடைய மாடு வழிதப்பித் திரிவதைக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடவேண்டும். கட்டாக்காலி மாட்டால் வரும் சண்டையை வன்னியில் இருக்கிற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முதலில் அவனோடு ராசியாகு, அப்புறம் மாட்டைப் பிடித்துக் கொடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மாட்டைக் கொண்டுபோய் விடு, அவ்வளவுதான். மனம் ஆறுகிறது பிறகு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இயேசுவும் இரண்டு மகன்களின் கதையைச் சொன்னார், மத்தேயு 21இல் இருக்கிறது. திராட்சத்தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொன்னபோது ஒருவன் மாட்டேன் என்றான், பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன் போகிறேன் ஐயா என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போகவேயில்லை. தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் எவன் என்று கேட்டார். நீங்கள் மனதுக்குள் ஒவ்வொரு நாளும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு நாளும் போகிறவர்.

இப்போது ரூத்தின் புத்தகத்துக்கு வருவோம். மாமி மருமகள் கதை என்று எல்லாரும் ரூத்தைப் புகழ்வார்கள். நகோமி எப்படிப்பட்ட மாமியாக இருந்தார் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. பெத்லகேமில் பஞ்சம் வந்து மோவாபுக்கு இடம்பெயர்ந்த குடும்பம் அது. போன இடத்தில் கணவன் செத்துப்போனார், பிறகு இரண்டு மகன்மாரும் செத்துப்போனார்கள். வாற்கோதுமை அறுவடை தொடங்குகிற காலத்தில் திரும்பி வருகிறார். ஊர்ப் பெண்கள் இது நகோமிதானோ என்று கேட்கிறார்கள். என்னை நகோமி என்று கூப்பிடாதேயுங்கள், மாராள் என்று கூப்பிடுங்கள், என் வாழ்க்கை கசந்துபோனது என்கிறார். நிறைவாகப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப் பண்ணினார் என்கிறார்.

வெறுமையாய்! பக்கத்தில் ரூத் நிற்கிறாள். தன் தாய் தகப்பனை விட்டு, பிறந்த ஊரை விட்டு, அந்த நெடுவழி முழுக்க இவரோடு நடந்து வந்தவள். உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம் என்று சொன்னவள். அவளைக் கணக்கிலேயே எடுக்காமல் எனக்கு ஒன்றுமில்லை என்கிறார் நகோமி. ரூத்துக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று வேதம் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், தங்கச்சி. கனடா மகளுக்கு முன்னால் "சோறு தாறாள் இல்லை" என்று மாமி சொல்லும்போது நீங்கள் நிற்கிற இடம் அதுதான்.

ரூத் திரும்பிப்போகவில்லை. அடுத்த நாட்களில் வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போனாள். தான் தின்று மீந்ததைக் கொண்டுவந்து மாமிக்குக் கொடுத்தாள். மாமியில் எனக்கு அன்பு என்று அவள் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் சொல்லவில்லை. கடைசி அதிகாரத்தில், பிள்ளை பிறந்த பிறகு, ஊர்ப் பெண்கள்தான் நகோமியிடம் சொல்கிறார்கள்: உன்னை நேசிக்கிற உன் மருமகள், ஏழு ஆண்பிள்ளைகளை விட உனக்கு மேலானவள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அது அன்பு என்று தெரிந்தது. செய்துகொண்டிருந்தவள் அதற்குப் பெயர் வைக்கவேயில்லை. உங்களில் அன்பு இருக்கிறதா இல்லையா என்று உங்களை நீங்களே விசாரிப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள். அந்த விசாரணைக்கு நீங்கள் நல்ல நீதிபதி இல்லை, அவ்வளவு களைத்துப் போயிருக்கிறீர்கள்.

நகோமியின் கசப்பை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றால், உங்கள் மாமியின் கசப்பும் உங்களால் வந்ததில்லை. கடைசி மகனை 2009இல் இழந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். முள்ளிவாய்க்காலுக்கும் மாத்தளனுக்கும் இடையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மாருக்கு ஒரு குழியில்லை, ஒரு சிலுவை நட இடமில்லை, ஒழுங்காக இருந்து அழ நேரம்கூடக் கிடைக்கவில்லை. அங்கிருந்து செட்டிகுளம் முகாம், பிறகு மீள்குடியேற்றம், தறப்பாள் கொட்டில், வீட்டுத்திட்டம் என்று ஓட்டமாகவே போனது. ஓடும்வரை துக்கம் அடங்கியிருக்கும். படுக்கையில் விழுந்தவுடன் எழும்பி வரும். படத்தைப் பார்த்து மாமி சொல்கிற வார்த்தை உங்களைக் குத்துகிறது, சரி. ஆனால் அவர் அதில் உங்களைக் குறை சொல்லவில்லை, மகனைத் தேடுகிறார். ஒருநாள் முடிந்தால், "தம்பி சின்னனில் எப்படி மாமி, குழப்படியா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் அவனைப் பற்றிக் கடைசியாக யார் எப்போது அவரிடம் கேட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றைத் தொழில் சார்ந்து சொல்லவேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று சொல்வது பொய்யாக இல்லாமல் இருக்கலாம். பாரிசவாதம் மூளையில் இரத்தம் போகிற வழியைப் பாதிக்கிற நோய். கை கால் மட்டும் போவதில்லை, சிலருக்குச் சற்று முன் நடந்தது நினைவில் நிற்காமல் போய்விடும். சிலருக்குச் சந்தேகம் கூடும், கோபமும் அழுகையும் அடக்க முடியாமல் வரும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. மருந்தால் குறைக்கக்கூடியது அது. அடுத்த கிளினிக்குக்கு மருந்து எடுக்கப் போகும்போது இந்த மறதியையும் அழுகையையும் டொக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள், மனநலப் பிரிவுக்கும் காட்டவேண்டுமா என்று கேளுங்கள். பிரஷர் மாத்திரையோடு மட்டும் திரும்பி வந்துவிடாதேயுங்கள். மச்சாளுக்கும் இதைச் சொல்லவேண்டும், மாமி இல்லாத நேரத்தில், சண்டையாக இல்லாமல். "மாமி மறக்கிறா, டொக்டரிட்டக் கேட்கப் போறம்" என்று தொடங்கினால் போதும்.

அடுத்தது உங்கள் கணவர். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். அன்பு சகலத்தையும் தாங்கும் என்ற வசனத்தை எங்கள் சபைகளில் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றி வைக்கிற பழக்கம் எனக்குப் பெரிய வருத்தம். அதற்கு முந்தின வரியையும் வாசியுங்கள்: அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும். தன் தாயின் பாரம் முழுவதையும் மனைவியின் முதுகில் வைத்துவிட்டுத் தேவாலயக் கட்டடத்துக்கு ஓடுகிறது அநியாயம். மாற்கு 7இல் இயேசு இதே விஷயத்துக்காகப் பரிசேயரோடு மோதினார். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கொள்கிறீர்கள், உங்கள் பாரம்பரியத்தால் தேவனுடைய வார்த்தையை அவமாக்குகிறீர்கள் என்றார். கடவுளின் பெயராலேயே தாயைக் கைவிடலாம் என்ற வழியை அவர் அடைத்துவிட்டார்.

இந்த வசனத்தை எடுத்து அவர் முகத்தில் வீசுங்கள் என்று சொல்லவில்லை. மனிதன் பகலெல்லாம் வயலில் நிற்கிறார், பயிர்க் காலத்தில் இரவில் யானைக் காவலும் இருக்கும். கெட்டவர் என்றும் நீங்கள் எழுதவில்லை. பல ஆண்களுக்குத் தாயின் உடம்பைக் கழுவித் துடைப்பதென்றால் கூச்சம், அதைச் சொல்லத் தெரியாமல் வெளியில் வேலை தேடிக்கொள்வார்கள். ஆனால் நீங்கள் பேசவேண்டும். உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கட்டளை லேவியராகமம் 19:18இல் வருகிறது. அதற்கு முந்தின வசனம் என்ன தெரியுமா? சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள். உள்ளுக்குள் வைத்துப் புழுங்காதே, வாய் திறந்து சொல் என்று சொன்ன பிறகுதான் நேசி என்று வருகிறது. நீங்கள் சொல்லாமல் அடக்கினது எல்லாம் அன்றைக்குக் கோப்பையில் இறங்கியது.

பேசும்போது "நீங்களும் கொஞ்சம் உதவி செய்யுங்கோவன்" என்று பொதுவாகக் கேட்காதேயுங்கள். ஓம் என்பார், நாளைக்கு மறந்துவிடுவார். வேலைக்குப் பெயர் வைத்துக் கேளுங்கள். காலமை கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்கி இருத்துவது அவருடைய வேலை. யானைக் காவல் இல்லாத இரவுகளில் புரட்டிப் படுக்கவைப்பது அவருடைய வேலை. ஞாயிறு காலமைச் சாப்பாடு தீத்துவது அவருடைய வேலை. மகன் தீத்தினால் மாமி ஒரு வாய் கூடச் சாப்பிடுவார், பாருங்கள்.

மச்சாளிடமும் கேட்கலாம். ஊரில் ஒரு பெண் வாரத்தில் சில காலமைகள் வந்து குளிப்பாட்ட உதவி செய்தால் அவளுக்குரிய சம்பளத்தை மச்சாள் அனுப்பட்டும். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் செய்ய மனம் இருக்கும், வழி தெரியாது. பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரைக் கண்டு சில்லுக் கதிரை, முதியோர் கொடுப்பனவு பற்றியும் கேட்டுப் பாருங்கள். ஆள் வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பீர்கள், தெரியும். மோசே தனியாக எல்லாவற்றையும் சுமந்தபோது அவருடைய மாமனார் எத்திரோதான் வந்து நிறுத்தினார். நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், ஆட்களை வைத்து வேலையைப் பிரித்துக் கொடும் என்றார். யாத்திராகமம் 18. அதைக் கேட்டு மோசே அப்படியே செய்தார், யாரும் அவரை அன்பில்லாதவர் என்று சொல்லவில்லை.

கோபத்தைப் பற்றி. கோப்பையை அடித்து வைத்தது உங்களைச் சுட்டிருக்கிறது, அது நல்லது. அந்தச் சூட்டை அணையவிடாதேயுங்கள். கோபம் தலைக்கேறினால் மாமி பாதுகாப்பாகப் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுங்கள், ஐந்து நிமிடம் நில்லுங்கள். கை ஓங்குகிற நிலை, சாப்பாட்டையோ மருந்தையோ வேண்டுமென்று பிந்திக் கொடுக்கிற நிலை வந்தால் அன்றைக்கே கணவரிடமோ என்னைப் போன்ற ஒருவரிடமோ சொல்லிவிடவேண்டும். இயலாமல் கிடக்கிறவருக்கு வேறு காவல் இல்லை, தங்கச்சி.

மாமி போய்ச் சேர்ந்தால் நிம்மதி என்று நினைத்தது உங்களுக்குப் பெரிய பயமாக இருக்கிறது. நெடுநாள் நோயாளியைப் பார்க்கிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை அது, அதுவும் மிகவும் கவனமாகப் பார்க்கிறவர்களிடம். அந்த நினைப்புக்குள் ஒரு கொலை இல்லை. அவருடைய வேதனையும் உங்கள் நித்திரையில்லாத இரவும் ஒருநாள் முடியாதா என்ற ஏக்கம்தான் இருக்கிறது. இதே நினைப்பு உங்கள் உயிரின் பக்கம் திரும்பினால் மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம்.

கடைசியாகத் திருவிருந்து. அபாத்திரமாய்ப் பானம்பண்ணினால் ஆக்கினை என்ற வசனத்துக்குப் பயந்துதான் நிறுத்தினீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் அதே நிருபத்தில்தான், இரண்டு அதிகாரம் முன்னால் இருக்கிறது. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கொஞ்சம் மேலே போய் வாசியுங்கள். கொரிந்துவில் வசதியானவர்கள் நேரத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு வெறித்தும் போனார்கள், ஏழைகள் பசியோடு நின்றார்கள். பசித்தவனைப் பார்க்காமல் தின்றதுதான் அந்த அபாத்திரம். ஆகையால் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று அந்தப் பகுதியை முடிக்கிறார். மாமிக்கு ஊட்டிவிட்டுப் பிறகு ஆறின சோற்றைத் தின்கிற நீங்கள் அந்த மேசையை விட்டு விலகி நிற்க ஒரு காரணமும் இல்லை. அடிப்பதுபோல் கோப்பையை வைத்ததற்கு மாமியிடம் "அன்றைக்குக் கோபத்தில் செய்துபோட்டன் மாமி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர் மறந்திருந்தாலும் பரவாயில்லை. வருகிற முதல் ஞாயிறு நீங்கள் ஆராதனைக்குப் போங்கள். அன்றைக்கு மாமியோடு வீட்டில் உங்கள் கணவர் நிற்கட்டும், கட்டட வேலை ஒரு கிழமை பொறுக்கும்.